குறைந்த பட்ஜெட்டில் கிராபிக்ஸ் கார்ட்: யாழ்ப்பாணத்தில் புது கேமிங் பிசி கட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஒரு இலட்சத்துக்குள்ள என்ன கார்ட் எடுக்கலாம் அண்ணை?" என்று யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பியூட்டர் கடையில் போய்க் கேட்டாலும் உடனே ஒரு பதில் வரும். அன்றைக்கு அந்தக் கடையின் அலுமாரியில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதன் பெயர்தான் அந்தப் பதில். கடைக்காரரைப் பிழை சொல்ல முடியாது, அவர் விற்கத்தானே இருக்கிறார். கேள்விதான் பிழை. என்ன விளையாடப் போகிறீர்கள், எந்த மொனிற்றரில், வீட்டில் எந்தக் கரண்டில், எந்த பவர் சப்ளையில் என்பதை முதலில் முடிவெடுத்துவிட்டால் சந்தையில் இருக்கிற முப்பது நாற்பது கார்டும் இரண்டு மூன்று பெயராகச் சுருங்கிவிடும். பிறகு விலையையும் வாரண்டியையும் பார்த்து ஒன்றைத் தூக்குவது பெரிய வேலை இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கார்டின் பெயர்கள் நடுவில்தான் வரும், அதுவரை கொஞ்சம் பொறுமை.

யூரியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு விஷயம். அவர்கள் சொல்லும் விலை அமெரிக்க விலை அல்லது இந்திய விலை, அவர்களுடைய அறை ஏசி போட்ட அறை, அவர்களுடைய பவர் சப்ளை 850 வாட்ஸ், ஒரு கார்ட் பழுதானால் அடுத்த நாளே மாற்றிக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருக்கிறது. அங்கே "வேல்யூ" என்று சொல்லப்படும் கார்ட் இங்கே வேல்யூவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில், என்ன விளையாடப் போகிறீர்கள்

இதை நேர்மையாகச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, ஜிடிஏ 5, பந்து விளையாட்டு கேம்கள், இவைதான் உங்கள் பின்னேரம் முழுக்க என்றால் உங்களுக்குப் பெரிய கார்ட் தேவையே இல்லை. இந்த கேம்களில் பலவற்றில் புரொசெசர்தான் எஃப்பிஎஸ்ஸை, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் (ஃபிரேம்) ஓடுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற புரொசெசரில் இரண்டு ராம் போட்டு ஓடவிட்டால் வலோரன்ட் 1080பி (சாதாரண ஃபுல் எச்டி) திரையில் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் தாராளமாக ஓடும். காசு இறுக்கம் என்றால் கார்ட் இல்லாமலே பிசியைக் கட்டிவிட்டு ஆறு மாதம் கழித்துக் கார்டை வாங்கலாம். அவசரத்தில் பழைய 4 ஜிபி கார்ட் ஒன்றுக்கு முப்பது நாற்பதாயிரம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 5600ஜி எடுக்கிறவர்கள் கீழே பிசிஐஇ, அதாவது கார்டும் மதர்போர்டும் பேசும் பாதை, பற்றிச் சொல்லும் இடத்தை வடிவாக வாசியுங்கள், அந்தப் புரொசெசருக்கு ஒரு குறை இருக்கிறது.

புதிதாக வரும் பெரிய கதை கேம்கள் வேறு உலகம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் ரே ட்ரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதை அணைத்துவிட்டு ஓட வழி இல்லை. அதாவது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580 போன்ற, இன்றைக்கும் இக்மன் விளம்பரத் தளத்தில் நல்ல விலைக்குப் போகிற கார்டுகள் அந்த கேம்களின் குறைந்தபட்சத் தேவைக்குள்ளேயே வராது. இனி வரும் கேம்கள் இந்தப் பக்கம்தான் போகும். ஆகவே புதிய கேம்கள் வேண்டும் என்றால் "ஜிடிஎக்ஸ்" என்று தொடங்கும் எதையும் பட்டியலில் இருந்து இப்போதே வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது, மொனிற்றர்

1080பி திரையில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். 1440பி இல் 36.9 இலட்சம். 4கே யில் 83 இலட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்ட் இத்தனை புள்ளிகளையும் கணக்குப் போட வேண்டும். பட்ஜெட் கார்ட் என்று சொன்னாலே அது 1080பி கார்ட், சிலது 1440பி க்குத் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டு மண்டபத்தில் இருக்கிற 4கே ரீவியில் கொழுவி விளையாடலாம் என்று நினைப்பவர்கள் கேமுக்குள் போய் ரெசல்யூஷனை 1080பி க்கு இறக்கி வைத்தால் சரி, 4கே யிலேயே விளையாட நினைத்தால் இந்த பட்ஜெட் காணாது.

இன்னொன்று ஹேர்ட்ஸ். பழைய அலுவலக மொனிற்றர் 60 ஹேர்ட்ஸ். அதில் கார்ட் 160 எஃப்பிஎஸ் கொடுத்தாலும் திரை செக்கனுக்கு 60 தடவைதான் மாறும். மொனிற்றர் மாற்றுகிற எண்ணமே இல்லை என்றால் கார்டுக்கு இன்னும் இருபதாயிரம் கூட்டிப் போடுவதில் அர்த்தம் இல்லை, அந்த இருபதாயிரத்தை 100 அல்லது 144 ஹேர்ட்ஸ் மொனிற்றருக்குப் போடுங்கள், கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால் 24 அங்குலம், 1080பி, 144 ஹேர்ட்ஸ் இதுதான் இந்த பட்ஜெட்டுக்குப் பொருத்தம்.

மூன்றாவது, பவர் சப்ளையும் வீட்டுக் கரண்டும்

இங்கேதான் நம்முடைய ஊரில் அதிகம் பேர் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், இங்கேதான் அதிகம் கார்டும் சாகிறது. கேசிங் வாங்கும்போது கூடவே "500 வாட்ஸ்" என்று எழுதிய ஒரு பவர் சப்ளை இலவசம் போல வரும். "உது காணும் தம்பி, பிரச்சினை இல்லை" என்பார்கள். காணுமா காணாதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டாம், பவர் சப்ளையைப் பக்கவாட்டில் திருப்பி ஸ்டிக்கரை வாசியுங்கள். அதில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: +3.3வி, +5வி, +12வி என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்று. உங்களுக்கு வேண்டியது +12வி மட்டும்தான், ஏனென்றால் கார்டும் புரொசெசரும் அதில் இருந்துதான் குடிக்கின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 ஐ 18 ஆல் பெருக்குங்கள், 216 வாட்ஸ். மேலே பெரிய எழுத்தில் 500 என்று என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பெட்டி உங்கள் கேமுக்குக் கொடுக்கப்போவது அந்த 216 தான். ஆர்டிஎக்ஸ் 5060 க்கு 145 வாட்ஸ், சாதாரண ஆறு கோர் புரொசெசருக்கு 65, இரண்டையும் கூட்டினாலே 210. ஃபான், டிஸ்க், யூஎஸ்பி சாமான்கள், அவ்வப்போது ஒரு நொடிக்கு எகிறும் சுமை, எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

நல்ல 550 வாட்ஸ் பவர் சப்ளையில் +12வி பக்கம் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும், அதாவது 480 வாட்ஸுக்கு மேல். 80 பிளஸ் புரொன்ஸ் (Bronze) என்ற அடையாளம் இருந்தால் நல்லது, ஆனால் அது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதைச் சொல்கிறதே தவிர உள்ளே இருக்கும் சாமான் தரமா என்பதைச் சொல்லாது. பெயர் தெரிந்த நிறுவனம், ஐந்து வருட வாரண்டி, +12வி ஆம்பியர், இந்த மூன்றையும் பாருங்கள். கார்டில் ஐயாயிரம் குறைத்தாவது இதில் போடுங்கள் என்று சொல்வேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கார்டுக்குக் கரண்ட் போகும் வழிகளையும் தெரிந்து வைத்திருங்கள். மதர்போர்ட் ஸ்லொட்டில் இருந்து அதிகபட்சம் 75 வாட்ஸ். ஆறு பின் வயர் 75, எட்டு பின் வயர் 150. 75 வாட்ஸுக்குள் ஓடும் கார்டுகளுக்குத் தனி வயர் தேவையில்லை, பழைய அலுவலக டெல் பெட்டிகளில் போடுபவர்களுக்கு அதுதான் வழி. எட்டு பின் தேவைப்படும் கார்டுக்கு, டிஸ்குகளுக்குப் போகும் பழைய மொலெக்ஸ் வயரில் இருந்து மாற்றிக் கொடுக்கும் மலிவு வயர் போட்டு ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். உருகிய வயர் எப்படி மணக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

யுபிஎஸ் விஷயமும் இதற்குள்ளேயே வருகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாடு இது. மாரியில் இடி மின்னலும் சேர்ந்துகொள்ளும். சாதாரண 650 விஏ யுபிஎஸ் உண்மையில் 360, 390 வாட்ஸ் அளவுதான் தரும், அதுவும் சில நிமிடம். கேம் ஓடும்போது கரண்ட் போனால் சேவ் பண்ணி மெஷினை நிறுத்தத்தான் அது, மட்ச்சை முடிக்க அல்ல. மலிவு யுபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது சீரான அலையைக் கொடுப்பதில்லை, சில நல்ல பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துவராமல் மெஷின் அப்படியே நின்றுவிடும். வாங்கும் அன்றே வயரைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் பியூர் சைன் வேவ் வகைதான் எடுக்க வேண்டும். பழைய வீடு என்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்பிப்பதும் இதே செலவில் சேர்த்தி.

கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வரி. கேம் ஓடும்போது முழு மெஷினும் 250 வாட்ஸ் எடுக்கிறது என்று வைத்தால், நாளுக்கு நாலு மணித்தியாலம் வீதம் மாதத்துக்கு 30 யூனிட். வீட்டுப் பாவனை 60 யூனிட்டுக்குள் இருந்தால் அந்த 30 சேர்ந்து உங்களை வேறு கணக்குக்குத் தள்ளிவிடும், 60 ஐத் தாண்டியதும் யூனிட் விலையும் மாதக் கட்டணமும் சேர்ந்து மாறும். அம்மா அப்பாவிடம் இதை முதலே சொல்லி வைப்பது நல்லது.

இப்போது கார்டுகளுக்கு வருவோம்

முதலில் மெமரி, ராம் அல்ல, கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி. 4 ஜிபி கார்டைப் புதிதாக வாங்க வேண்டாம், எந்த விலைக்கும். 6 ஜிபி சின்ன பெட்டிகளுக்கு மட்டும். 8 ஜிபி 1080பி க்கு இன்றைக்கும் ஓடும், ஆனால் புதிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) உயரத்தில் வைத்தால் நிறைந்துவிடும், நிறைந்தால் சராசரி எஃப்பிஎஸ் நல்லதாகவே காட்டும், ஆனால் நடுநடுவே திக்கித் திக்கி ஓடும். 12, 16 ஜிபி இருந்தால் நாலைந்து வருடம் பார்க்கலாம்.

ஆர்டிஎக்ஸ் 5060. 2025 மே மாதம் வந்தது, 299 டொலர் (இங்கே டொலரில் சொல்வதெல்லாம் கார்ட் வந்தபோது அறிவித்த அமெரிக்க விலை), 8 ஜிபி, 145 வாட்ஸ். வேகமான கார்ட், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி நல்லது, வீடியோ எடிட்டிங், பிளெண்டரில் 3டி என்று வேறு வேலையும் செய்பவர்களுக்கு என்விடியா பக்கம்தான் சௌகரியம். 8 ஜிபி என்பதுதான் உறுத்தல். இதன் பெரியண்ணன் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை, பெயர் ஒன்றுதான், பெட்டியில் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கும். 8 ஜிபி டிஐ வாங்குவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. 2025 ஜூனில் வந்தது, இதிலும் 8 ஜிபி 299 டொலர், 16 ஜிபி 349 டொலர். 16 ஜிபி வகையை நியாயமான விலைக்குக் கண்டால் இந்தப் பட்டியலிலேயே நான் கை காட்டுவது அதைத்தான். 1440பி யும் ஓடும். ஏஎம்டி கேட்கும் பவர் சப்ளையும் 450 வாட்ஸ்தான்.

இன்டெல் ஆர்க் பி580. 2024 டிசம்பர், 249 டொலர், 12 ஜிபி. காகிதத்தில் பார்த்தால் இதைவிட மலிவு இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும், பயாஸுக்குள் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்ட் செட்டிங்குக்குள்) போய் அதை ஒன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். அடுத்தது, பழைய அல்லது பலம் குறைந்த புரொசெசரோடு போட்டால் இது மற்றக் கார்டுகளை விட அதிகம் தடுமாறும். ரைசன் 5 7600 போன்ற புதியதோடு கட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக யோசிக்கலாம். அண்ணாவின் பழைய மெஷினுக்கு உயிர் கொடுக்க என்றால் வேண்டாம்.

ஆர்டிஎக்ஸ் 5050, 249 டொலர், 8 ஜிபி. 5060 க்கும் இதற்கும் 50 டொலர்தான் இடைவெளி, இங்கே வந்து சேரும்போது அந்த இடைவெளி இன்னும் குறைந்துவிடுவதும் உண்டு, அப்படியென்றால் இதை விட்டுவிடுங்கள். பழைய இருப்பில் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இன்னும் கிடைத்தால் நல்ல கார்டுகள்தான், முழு வாரண்டியும் விலைக் குறைவும் இருந்தால் எடுக்கலாம். ஆர்எக்ஸ் 6600 க்கு 132 வாட்ஸும் ஒரேயொரு எட்டு பின்னும் போதும், அதனால் 1080பி க்கு நல்ல சிக்கனமான கார்ட் என்ற பெயர் அதற்கு நியாயமாகவே இருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 இல் வந்த 3050 8 ஜிபி வேறு, 2024 பெப்ரவரியில் வந்த 6 ஜிபி வேறு. மெமரி மட்டும் குறைவு என்று நினைக்காதீர்கள், உள்ளே கோர் எண்ணிக்கையும் 2560 இல் இருந்து 2304 ஆகக் குறைந்திருக்கிறது, மெமரிப் பாதையும் ஒடுக்கம், வேகம் நன்றாகவே குறைவு. அதன் ஒரே பலம் 70 வாட்ஸ், பெரும்பாலான வகைகளுக்குத் தனி வயர் தேவையில்லை. பாவித்த டெல், எச்பி அலுவலக மெஷின் வைத்திருப்பவருக்கு அருமையான கார்ட், புது பிசி கட்டுபவருக்கு வீண். ஆர்டிஎக்ஸ் 3060 இலும் இதே விளையாட்டு: 12 ஜிபி தான் நல்லது, பிறகு வந்த 8 ஜிபி வகை அதைவிட மெதுவானது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டையும் பார்த்தால் அப்படியே நடந்து போங்கள்.

பிசிஐஇ கதை என்று முதலில் சொன்னது இதுதான். 5060, 4060, 7600, 6600, பி580 எல்லாம் மதர்போர்டோடு எட்டுப் பாதையில்தான் பேசுகின்றன. புதிய போர்டில் அது பிரச்சினை இல்லை. ஆனால் ஏ520, பி450 போர்டுகளும் ரைசன் 5 5600ஜி, 5500 புரொசெசர்களும் பிசிஐஇ 3.0 வரைதான் போகும், அங்கே எட்டுப் பாதையின் வேகம் 4.0 இல் இருப்பதில் பாதி. சாதாரண நேரம் தெரியாது, கார்டின் 8 ஜிபி நிறைந்ததும் தெரியும். 9060 எக்ஸ்டிக்கு 16 பாதை, அதனால் இப்படியான போர்டுகளில் அது அதிகம் அடிபடாது. 6500 எக்ஸ்டிக்கு நாலே பாதை, அதனால்தான் நடந்து போகச் சொன்னேன்.

விளம்பர வரைபடங்களில் "இரண்டு மடங்கு, நாலு மடங்கு எஃப்பிஎஸ்" என்று வருவதில் பெரும் பங்கு ஃபிரேம் ஜெனரேஷன், கார்ட் இடையில் தானே செருகும் ஃபிரேம்கள். அடிப்படை 60 இருந்தால் அது அழகாக இருக்கும், அடிப்படையே 25 என்றால் மவுஸ் சேற்றுக்குள் இழுபடும். ஒப்பிடும்போது அது இல்லாத எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள்.

விலை நியாயமா என்று பார்ப்பது எப்படி

நாளுக்கு நாள் மாறும் விலையை இங்கே எழுதி வைத்துப் பயனில்லை, கணக்குப் போடும் முறையைத் தருகிறேன். அமெரிக்காவில் அறிவித்த விலையில் வரி இல்லை. அதை டொலர் விலையால் பெருக்கி, 2024 ஜனவரியில் இருந்து நடைமுறையில் இருக்கும் 18 வீத வாட் வரியைக் கூட்டுங்கள். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 249 டொலர் கார்ட் 74,700, வரியோடு 88,146. 299 டொலர் கார்ட் 105,846. 349 டொலர் கார்ட் 123,546. கப்பல் செலவு, இறக்குமதியாளர் இலாபம், கடை இலாபம் என்று இதற்கு மேல் பத்துப் பதினைந்து வீதம் போனால் அது நியாயமான விலை. முப்பது வீதம் போனால் வேறு கடையைப் பாருங்கள். 2025 கடைசியில் இருந்து மெமரி விலை உலகம் முழுக்க ஏறிக்கொண்டு போனது, அதிக மெமரி உள்ள கார்டுகளில்தான் அது முதலில் தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். மொத்த பிசிச் செலவில் கார்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது வீதம் என்பது என் கணக்கு, அதைத் தாண்டினால் மற்ற எங்கோ பட்டினி போடுகிறீர்கள்.

எங்கே வாங்குவது

யாழ்ப்பாணத்துக் கடை, கொழும்பு, இக்மன், வெளிநாட்டில் இருந்து வரும் மாமா. நாலு வழி.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் விலை குறைவாகவும் தெரிவு அதிகமாகவும் இருக்கும், உண்மைதான். ஆனால் பஸ் காசு, ஒரு நாள் லீவு, பிறகு கார்ட் பழுதானால் திரும்பவும் அதே பயணம் அல்லது கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் ஐந்து ஆறாயிரம் என்றால் நான் இங்கேயே வாங்குவேன். பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் இரவு பஸ் ஏறுவேன். இங்கே வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணை, இது ஏஜென்ட் வாரண்டியா, உங்கட கடை வாரண்டியா?" ஏஜென்ட் வாரண்டி என்றால் கடை மூடினாலும் இறக்குமதியாளரிடம் போகலாம். கடை வாரண்டி என்றால் கடை இருக்கும் வரைதான். பில்லின் பின்பக்கத்தை அங்கேயே நின்று வாசியுங்கள். ஒரு வருடத்தை 350 நாள் என்று கணக்குப் போடும் பில்லும் உண்டு, எரிந்த அடையாளம், துரு, மின்னல் இருந்தால் வாரண்டி இல்லை என்று எழுதியிருப்பது வழமை. பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு மாமா வழி பலர் நினைக்கிற அளவுக்கு மலிவு இல்லை. ரொறன்ரோவில் கடை விலைக்கு மேல் 13 வீத வரி, லண்டனில் 20 வீதம் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடலாம், அந்த நிறுவனத்தின் தளத்தில் வாங்க முதலே பார்த்துவிடுங்கள். அப்படியும் கொண்டுவருவதென்றால் கையில் கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள், சூட்கேசில் பருப்பு மாவுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் வேண்டாம்.

பாவித்த கார்ட் வாங்குவதென்றால்

பிழையான ஐடியா இல்லை, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 ஆம் திகதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டுக் காசு பார்க்கும் மைனிங் முறையை விட்டதும் உலகம் முழுக்க மைனிங் கார்டுகள் சந்தைக்கு வந்தன, அவற்றில் பல இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. மைனிங்கில் இருந்தது என்பதற்காகவே கார்ட் பழுது என்று அர்த்தம் இல்லை, ஃபானும் மெமரிக்கு மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தைப் பட்டையும் (தேர்மல் பாட்) தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் "2048எஸ்பி" வகை உண்டு, உண்மையான 580 இல் 2304 கோர், இதில் 2048, அதாவது 570 க்குப் பெயர் மாற்றியது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பயாஸை மாற்றி எழுதிய பழைய குப்பைகளும் உலாவின. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியா புது கேம்களுக்கான டிரைவரை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான், ஆகவே 1060, 1070 எவ்வளவு மலிவாக வந்தாலும் யோசியுங்கள்.

சந்திப்பது விற்பவர் வீட்டில், கார்ட் மெஷினில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பஸ் ஸ்ராண்டில் கையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு பென்டிரைவில் கார்டின் விபரம் காட்டும் ஜிபியு-இசட், கார்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் ஃபர்மார்க் என்ற இரண்டு மென்பொருளையும் கொண்டு போங்கள். ஜிபியு-இசட்டில் பெயர், கோர் எண்ணிக்கை, மெமரி அளவு மூன்றையும் போனில் தேடி ஒப்பிடுங்கள், போலி என்று கண்டால் அதுவே எழுதிக் காட்டும். பிறகு ஃபர்மார்க்கைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு வெப்பம் ஓரிடத்தில் நிற்கிறதா, ஃபான் சத்தத்தில் கரகரப்பு இருக்கிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா பாருங்கள். எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் துளையிலும் வயரைக் கொழுவிப் பாருங்கள். கடைசியாக மெஷினை நிறுத்திக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பின்பக்க இரும்புத் தகட்டையும் திருகாணித் தலைகளையும் பாருங்கள். கரையோரத்தில் இருந்து வரும் கார்டுகளில், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, குருநகர் என்று எங்கே என்றாலும், உப்புக் காற்று முதலில் தெரிவது அங்கேதான். தகட்டில் பழுப்பாக மேலால் படிந்திருப்பது பரவாயில்லை. போர்டில் சிப்களின் கால்களைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூ மாதிரிப் பூத்திருந்தால் விலை பேசாமலே வந்துவிடுங்கள். திருகாணித் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

பொருந்துமா, சூடு தாங்குமா

கார்டின் நீளம் மில்லிமீற்றரில் எழுதியிருக்கும், கேசிங்கில் எவ்வளவு இடம் என்பதும் எழுதியிருக்கும், முன் ஃபானின் தடிப்பைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகான கேசிங் நம்முடைய ஊருக்குச் சரிவராது, முன்னால் வலை உள்ளதை எடுங்கள். விமர்சகர் 21 பாகை அறையில் 65 பாகை என்று காட்டிய கார்ட், சித்திரை மாதத்தில் 33 பாகையில் இருக்கும் உங்கள் அறையில் 77 க்கு வரும், அது பழுது இல்லை, அறை சூட்டின் வித்தியாசம் அப்படியே கூடுகிறது. அதனால் ஒரே கார்டில் ஒரு ஃபான், இரண்டு ஃபான் வகை இருந்தால், விலை இரண்டு மூவாயிரம் கூட என்றாலும் இரண்டு ஃபானை எடுங்கள். மூன்று ஃபானும் வண்ண விளக்கும் இந்த வாட்ஸ் அளவுக்கு வெறும் அலங்காரம்.

வாங்கி வந்த பிறகு

பூட்டுவது பத்து நிமிட வேலை, ஸ்லொட்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டு "கிளிக்" என்று விழும் வரை அழுத்தி, திருகாணி போட்டு, எட்டு பின் வயரை முழுதாக உள்ளே தள்ளிவிட்டால் சரி. மொனிற்றர் வயரைக் கார்டில் கொழுவுங்கள், மதர்போர்டில் அல்ல. "புதுக் கார்ட் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று வரும் முறைப்பாடுகளில் இது நிறைய. விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்குக்குள் போய் 144 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள், அது தானாக மாறாது. ராம் ஒன்றாகப் போட்டிருந்தால் இரண்டாக்குங்கள், பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி யையும் ரீசைசபிள் பாரையும் ஒன் பண்ணுங்கள். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்தில் இருந்து நேரடியாக எடுங்கள்.

முதல் வாரத்திலேயே கார்டை வேலை வாங்குங்கள். நீங்கள் விளையாடும் மிகக் கனமான கேமை இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டுங்கள், பழுதான கார்ட் பெரும்பாலும் இந்த நாட்களிலேயே காட்டிவிடும், இந்த நாட்களில்தான் கடையும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கும். பெட்டி, உள்ளே இருந்த பஞ்சு, வெள்ளி நிறப் பை எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே ஏற்றி வையுங்கள், பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கடை பில்லின் மை ஒரு வருடத்தில் மங்கிப்போகும். இரண்டு வருடம் கழித்துக் கார்டைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால் அந்தப் பெட்டியில்தான் அது பத்திரமாகப் போகும்.